மருந்து சேரவில்லை என்றால் மரபணுவும் காரணமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை செல்லூரில் 22 வருடங்களாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். பி.ஃபார்ம் படித்தவன், டாக்டர் இல்லை. கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளில் ஒரு பகுதி, "இந்த மாத்திரை எனக்கு மட்டும் ஏன் சேர மாட்டேங்குது?" என்பதுதான். கல்லாவில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்புவது எனக்கே நிறைவாக இல்லை. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டிலேயே இதனால் ஓர் உயிர் போகப் பார்த்தது. அதையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சேருகிறது, எனக்குச் சேரவில்லை. எப்படி?

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, மடை வழியாக வயலுக்குப் போகிறது. இரண்டு கண்மாய்க்கு ஒரே அளவு தண்ணீர் வந்தாலும், மடை சின்னதாக இருக்கிற கண்மாயில் தண்ணீர் தேங்கிக் கரையை முட்டும். மாத்திரையும் அப்படித்தான். நாம் விழுங்குவது வரத்து. கல்லீரலில் இருக்கும் என்சைம்கள் மடை. அவைதான் மருந்தை உடைத்து வெளியே அனுப்புகின்றன. மடை எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்வது மரபணு. அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி வருகிறது. இரண்டுமே மந்தமாக இருந்தால், டாக்டர் எழுதிய சரியான அளவே அந்த உடம்புக்கு அதிக அளவாகிவிடும்.

சில மருந்துகளின் கதை வேறு. அவை நெல்லாக உள்ளே போய், கல்லீரல் என்ற மில்லில் அரிசியான பிறகுதான் வேலை செய்யும். இதய நோயாளிகள் சாப்பிடும் க்ளோபிடோக்ரல் அப்படி ஒரு மருந்து. மில் மந்தமாக ஓடினால் மாத்திரை சாப்பிட்டும் பலன் குறையும். கோடீன் என்ற வலி மருந்து உடம்பில் மார்ஃபினாக மாறுகிறது. மில் மிக வேகமாக ஓடுகிறவர்களுக்கு மார்ஃபின் மளமளவென்று சேர்ந்து மூச்சே அடங்கிப்போகலாம். டான்சில் ஆபரேஷன் முடிந்து கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் கடும் எச்சரிக்கை போட்டது. 2017-இல் 12 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்றது. குழந்தைக்கு இருமல் என்று பெரியவர்களின் கோடீன் சிரப்பில் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி மருந்தை எதிரி என்று எண்ணிச் சண்டைக்கு நிற்பது. இதில் மருந்தின் அளவு கூடுதலா குறைவா என்பது பெரிய கணக்கில்லை. இதற்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

அப்படியென்றால் எல்லாப் பக்கவிளைவுக்கும் மரபணுதான் காரணமா?

இல்லை. வயது, கிட்னியின் நிலை, கல்லீரலின் நிலை, உடல் எடை, கூடவே சாப்பிடும் மற்ற மாத்திரைகள், வெறும் வயிற்றில் சாப்பிட்டது, இவைதான் அன்றாடம் பார்க்கும் காரணங்கள். சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் வயிற்றைக் கலக்கினால் முதலில் சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் பாருங்கள். மூட்டுவலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கினால் அதற்கும் மரபணு டெஸ்ட் தேடி அலைய வேண்டாம். மரபணு தன் முகத்தைத் தெளிவாகக் காட்டுவது சில மருந்துகளில்தான். ஆனால் அந்தச் சிலவற்றில் காட்டுகிற முகம் கொடியது.

மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் கொப்புளம் வந்தது என்கிறார்களே, அது என்ன?

எங்கள் மதினி கதையைச் சொல்கிறேன். திருமங்கலத்தில் இருக்கிறார். ஆறேழு வருடத்துக்கு முன்னால் கன்னத்தில் கரண்ட் அடிப்பது போல வலி. பல் துலக்கினால் வலி, காற்றுப் பட்டால் வலி. நரம்பு வலி என்று கண்டுபிடித்து கார்பமசெபின் மாத்திரை எழுதினார்கள். அந்த வலிக்கு அது சரியான மருந்துதான், இன்றைக்கும் முதலில் எழுதுவது அதைத்தான். வலியும் நின்றது. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். மறுநாள் கண் சிவந்தது, உதடு வெடித்தது, நெஞ்சில் சிவப்புத் திட்டுகள். அது பங்குனி மாதம். வீட்டில் எல்லோரும் அம்மை போட்டிருக்கிறது என்று முடிவு கட்டி, வேப்பிலை கட்டி, பாயில் படுக்க வைத்துவிட்டார்கள். அம்மை கண்டால் வெளியாள் போகக் கூடாது என்று எனக்கும் சொல்லவில்லை. முகவலி மறுபடி வந்துவிடுமோ என்று அந்த மாத்திரையை மட்டும் விடாமல் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து என் அண்ணன் போனில், "தொட்டா தோலு கையோட வருதுடா" என்றபோதுதான் எனக்குப் புரிந்தது. மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்தார். கண்ணீர் சுரப்பு மட்டும் திரும்பவில்லை. இன்றும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார்.

இதற்கு ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம் என்று பெயர். தோல் இன்னும் பெரிய பரப்பில் உரிந்தால் டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் என்பார்கள். அதில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இறந்துபோகிறார்கள். 2004-இல் தைவானில் ஆராய்ந்தபோது, கார்பமசெபினால் இப்படி ஆன 44 பேரிடமும் எச்.எல்.ஏ. பி 15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. எச்.எல்.ஏ. என்பது எதிர்ப்புச் சக்திக்கு 'இது நம்ம ஆள், இது வெளியாள்' என்று அடையாளம் காட்டும் மரபணுக் கூட்டம். 2007 முதல் அமெரிக்காவில் அந்த மாத்திரையின் குறிப்புத் தாளிலேயே, இந்த வகை அதிகம் உள்ள ஆசிய வம்சாவளியினருக்கு டெஸ்ட் பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்று இருக்கிறது. இந்தியர் உள்ளிட்ட தெற்காசியரிடம் சராசரியாக 2 முதல் 4 சதவீதம் பேரிடம் இது இருப்பதாகவும், சில குழுக்களில் இன்னும் கூடுதல் என்றும் அதே தாள் சொல்கிறது.

'சில குழுக்களில்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வொரு சமூகமும் தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர் நம்முடையது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பனும் அவருடன் வேலை பார்த்தவர்களும் நம் பகுதிச் சமூகங்களின் எச்.எல்.ஏ. வகைகளைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வாழும் சமூகங்களுக்குள்ளேயே அந்த வகைகள் வேறுபடுகின்றன. ஆகவே 'இந்தியருக்கு இத்தனை சதவீதம்' என்ற ஒற்றைக் கணக்கை வைத்து ஒரு குடும்பத்துக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று சொல்லிவிட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வகை இருக்கிற எல்லோருக்கும் தோல் உரிவதில்லை, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் யாருக்கு ஆகும் என்று முன்கூட்டித் தெரியாது. வேறு மாத்திரை இருக்கும்போது எதற்கு அந்த ஆபத்து?

யூரிக் ஆசிட் மாத்திரை அலோப்யூரினாலுக்கும் இதே போல எச்.எல்.ஏ. பி 58:01 என்ற வகை உண்டு. தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் கொடுக்கும் டாப்சோனுக்கு எச்.எல்.ஏ. பி 13:01. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன், லாமோட்ரிஜின் மாத்திரைகளாலும் தோல் உரியலாம். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றுதான். ஆரம்பித்து முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு கண் சிவப்பு, வாய்ப்புண், தோலில் எரிச்சலான திட்டுகள் வந்தால் அம்மையா, சூடா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். மாத்திரை அட்டையோடு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உண்மையிலேயே அம்மையாக இருந்தாலும் டாக்டர் பார்த்ததால் மாரியாத்தா கோபிக்கப் போவதில்லை.

ஆபரேஷன் முடிந்தும் எங்கள் பெரியப்பாவுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பவில்லை. அது பரம்பரையாக வருமா?

வரலாம். மயக்கம் கொடுக்கும்போது தொண்டையில் குழாய் போட வசதியாகத் தசைகளைத் தளர்த்த ஓர் ஊசி போடுவார்கள். சக்சமெத்தோனியம் என்று பெயர், ஆபரேஷன் தியேட்டரில் ஸ்கோலின் என்பார்கள். சாதாரணமாக ஐந்து பத்து நிமிடத்தில் அதன் வேலை முடிந்துவிடும். ரத்தத்தில் உள்ள ஒரு என்சைம் அதை உடைத்துவிடுகிறது. அந்த என்சைம் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு ஊசியின் பிடி மணிக்கணக்கில் விடாது. தானாக மூச்சு விட முடியாது. மயக்க டாக்டர் கண்டுபிடித்து, வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் ஆள் நல்லபடியாக எழுந்துவிடுவார்.

தென்னிந்தியாவில் ஆரிய வைசியர் சமூகத்தில் இந்தக் குறை மற்றவர்களைவிட அதிகம் என்பது மயக்க டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மற்ற சமூகங்களிலும் இல்லாமல் இல்லை. இதை அந்தச் சமூகத்தின் மேல் ஒரு குறையாகப் பேசக் கூடாது. அன்றாட வாழ்க்கையில் அவர்களுக்கு இதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. அந்த ஒரு ஊசிக்கு மட்டும்தான் சிக்கல், அதற்கு மாற்று மருந்தும் உண்டு.

உங்கள் பெரியப்பா கதையை மயக்க டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் அவர் படுக்கைக்கே வந்து, "வீட்டில் யாருக்காவது மயக்க மருந்தால் பிரச்சினை வந்ததா?" என்று கேட்பார். ஆபரேஷனைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்ற பதற்றத்தில் நம் ஆட்கள், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பாதிக்கப்பட்டவரின் கூடப் பிறந்தவர்கள்தான் முதலில் ரத்த டெஸ்ட் செய்துகொள்ள வேண்டியவர்கள். என்சைம் அளவு பார்க்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையே போதும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்கு இது அதிகமா?

இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் வரும் குறைகளுக்கு, ஆமாம். மேலே சொன்ன ஸ்கோலின் சிக்கல் அந்த வகை. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது ஒரே தாத்தா பாட்டியின் பழுதான பிரதி இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. கொப்புளம் உண்டாக்கும் எச்.எல்.ஏ. வகைகளுக்கு ஒரு பிரதியே போதும், சொந்தமோ அந்நியமோ அங்கே கணக்கில்லை.

டிபி மாத்திரை சாப்பிட்டால் கால் எரிகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்தவே கூடாது. டிபி மாத்திரையைப் பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்கே அடங்காமல் போய்விடும். ஆனால் கால் எரிச்சலைச் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கவும் கூடாது.

இந்தக் கேள்விக்கு நம் தமிழ்நாட்டிலேயே விடை தேடியிருக்கிறார்கள். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கியது. டிபி நோயாளியை சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது அந்த மையம்தான். ஐசோநயாசிட் மாத்திரையால் யாருக்கு நரம்பு பாதிக்கிறது என்பதையும் அங்கே ஆராய்ந்தார்கள். அந்த மருந்தை உடம்பு மெதுவாக உடைப்பவர்களிடம்தான் கை கால் எரிச்சலும் மரத்துப்போவதும் அதிகம் காணப்பட்டது. இப்படி மெதுவாக உடைக்கும் மரபணு உள்ளவர்கள் நம் மக்களில் பாதிக்கும் மேல். அதாவது இது யாரோ ஒருவருக்கு வரும் அபூர்வக் குறை இல்லை.

இதற்கு மருந்து மிகவும் மலிவு. வைட்டமின் பி6, பைரிடாக்சின் என்ற சின்ன மாத்திரை. சுகர் இருப்பவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், உடம்பு மெலிந்தவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும். தோப்பூர் அரசு டிபி ஆஸ்பத்திரியிலோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ டிபி மாத்திரை வாங்குகிறீர்கள் என்றால், "பி6 மாத்திரை இதில் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பசியே இல்லை, வாந்தி, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது என்றால் அது கல்லீரல் கொடுக்கும் குரல். அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.

மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து மிச்சம் இருக்கிறது. மறுபடி கண் சிவந்தால் விடலாமா?

என் கடையில் இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்வேன். பாட்டிலில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. விட்டவுடன் சிவப்பு மறையும், கண்ணுக்கு இதமாக இருக்கும். அதனால்தான் மறுபடி மறுபடி கேட்டு வருகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தொடர்ந்து விட்டால் சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறும். சுமார் மூன்றில் ஒருவருக்கு ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்தாறு பேருக்கு மிக அதிகமாக ஏறும். வலி இருக்காது. பார்வையின் ஓரங்கள் மெல்ல மெல்லத் தின்னப்பட்டு, போன பார்வை போனதுதான்.

அந்த ஐந்தாறு பேர் யார் என்பதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்களில் யாருக்காவது க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இருந்தால் உங்களுக்கு அழுத்தம் ஏறும் வாய்ப்பு அதிகம். இதைக் காட்டும் மரபணு டெஸ்ட் நடைமுறையில் கிடையாது, தேவையும் இல்லை. கண் அழுத்தத்தை அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும். 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண் டாக்டருக்குப் பஞ்சமில்லாத ஊரில், கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தால் ஒருவர் பார்வை இழப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சீட்டு இல்லாமல் இதை நான் கொடுப்பதில்லை. எங்கே வாங்கினாலும் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

ஸ்டென்ட் வைத்திருக்கிறது. க்ளோபிடோக்ரல் எனக்கு வேலை செய்கிறதா என்று டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

முதலில் நான் சொன்ன நெல், அரிசி கதைதான். அந்த மில்லின் பெயர் சிஒய்பி2சி19. அது அநேகமாக ஓடாத நிலையில் இருப்பவர்கள் நம் மக்களில் பத்தில் ஒருவர், அதற்குச் சற்று மேலும் இருக்கலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் தமிழர்களிடமே இந்த மரபணுவை ஆராய்ந்திருக்கிறார்கள். 2010 முதல் அமெரிக்காவில் இந்த மருந்தின் மேல் இதைப் பற்றிய எச்சரிக்கை உண்டு. ஸ்டென்ட் வைத்து நாளாகி நன்றாக இருப்பவர்கள் பதற வேண்டியதில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஸ்டென்டில் மறுபடி அடைப்பு வந்திருந்தால் இதய டாக்டரிடம் கேளுங்கள். டைகாக்ரெலார், பிரசுக்ரெல் போன்ற மாற்று மருந்துகளுக்கு இந்த மில் தேவையில்லை.

ஒன்று மட்டும் இன்றைக்கே பார்த்துக்கொள்ளலாம். வயிற்று எரிச்சலுக்கு ஒமெப்ரசோல் சாப்பிட்டால் அதுவும் இதே மில்லை மந்தமாக்கும். அப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், பேன்டாப்ரசோல் போல வேறு எழுதிக் கொடுப்பார்.

வால்வு ஆபரேஷன் செய்தவர்கள் சாப்பிடும் வார்ஃபரின், அசினோகுமரால் மாத்திரைகளிலும் மரபணு புகுந்து விளையாடுகிறது. ஒருவருக்குக் கால் மாத்திரை போதும், இன்னொருவருக்கு இரண்டு வேண்டும். ஆனால் அங்கே ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்ட் இருக்கிறது. அதை ஒழுங்காக எடுத்து அளவைத் திருத்திக்கொண்டால் போதும். கீரையை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றி மாற்றிச் சாப்பிடாமல் ஒரே சீராகச் சாப்பிடுங்கள்.

கைக்குழந்தையின் துணியில் பாச்சா உருண்டை போடக் கூடாது என்கிறார்களே, அதற்கும் மரபணுவுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ஜி6பிடி என்ற என்சைம் ரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கிறது. சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. தாயிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் அந்த மரபணு இருப்பதால் ஆண் குழந்தைகளுக்கே அதிகம். நாப்தலின் உருண்டையின் வாடை ஏறிய துணியில் அப்படிப்பட்ட பச்சைக் குழந்தையைச் சுற்றி வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரும். பீரோவில் உருண்டையோடு வருடக்கணக்கில் மடித்து வைத்த அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் பேரனைப் படுக்க வைப்பது நம் வீடுகளில் பிரியமான ஒரு வழக்கம். அந்தச் சேலையை நன்றாக அலசி, இரண்டு மூன்று நாள் காற்றாட உலர்த்தி, வாடை துளியும் இல்லை என்று தெரிந்த பிறகு பயன்படுத்துங்கள். என்னைக் கேட்டால் பருத்திச் சேலையே போதும்.

இதே குறை உள்ளவர்களுக்கு மலேரியா மாத்திரை ப்ரைமாக்வின், டாப்சோன் இரண்டும் ஆபத்து. மாத்திரை ஆரம்பித்து இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அதுதான் அடையாளம். சிலருக்கு மட்டும் ப்ரைமாக்வின் ஏன் ரத்தச்சோகையைக் கொடுக்கிறது என்று தேடித்தான் 1956-இல் இந்தக் குறையைக் கண்டுபிடித்தார்கள். டெஸ்ட் எளிது, பெரிய லேப்களில் எடுக்கலாம்.

ஊசி போட்டுக் காது போய்விட்டது என்று எங்கள் ஆச்சி சொல்வார். நம்பலாமா?

நம்புங்கள். கூடவே ஆச்சியிடம் இன்னொன்றும் கேளுங்கள். அவரோடு பிறந்தவர்களில், அவர் பிள்ளைகளில், வேறு யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது மந்தமானதா? ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டமைசின், அமிகாசின் வகை ஊசிகள் அளவு கூடினால் யாருடைய காதையும் பாதிக்கலாம். ஆனால் மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லின் உள்ளுறுப்பில் இருக்கும் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறியிருந்தால் சாதாரண அளவிலேயே, சில சமயம் ஒன்றிரண்டு ஊசியிலேயே, கேட்கும் திறன் போய்விடும். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆச்சி, அம்மா, பெரியம்மா, சித்தி, தாய்மாமன் வரை இந்தக் கோடு ஓடும். தாய்மாமனோடு நின்றுவிடும், அவர் பிள்ளைகளுக்கு அது போகாது. ஆச்சி வழியில் இப்படி இரண்டு பேர் இருந்தால் உங்கள் குழந்தைக்கு ஊசி எழுதும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கீமோதெரபி தொடங்கப் போகிறார்கள். முன்கூட்டி டெஸ்ட் உண்டா?

சில மருந்துகளுக்கு உண்டு, இங்கே கேட்டுப் பார்ப்பது மிகவும் நியாயம். குடல், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சிடாபின், ஃபுளூரோயுராசில் மருந்துகளை உடைக்கும் என்சைம் குறைவாக இருந்தால் வாயெல்லாம் புண், அடங்காத வயிற்றுப்போக்கு, வெள்ளையணு சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகும். ஐரோப்பிய மருந்து அமைப்பு 2020-இல் இந்த டெஸ்டை முன்கூட்டி எடுக்கச் சொன்னது.

சொரியாசிஸ், குடல் அழற்சி, மாற்றுக் கிட்னி போன்றவற்றுக்குக் கொடுக்கும் அசதியோப்ரின், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மெர்காப்டோப்யூரின் இரண்டுக்கும் நம் ஊர் மக்களிடம் பார்க்க வேண்டியது நட்15 (NUDT15) என்ற மரபணு. மேல்நாட்டில் டிபிஎம்டி என்ற வேறொரு மரபணுவைத்தான் வழக்கமாகப் பார்த்து வந்தார்கள். ஆசியர்களிடம் நட்15-தான் முக்கியம் என்பது 2014-இல்தான் வெளிவந்தது. டெஸ்ட் எடுக்க வசதி இல்லையென்றால் முதல் சில வாரங்கள் ரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடி பாருங்கள். மாத்திரை ஆரம்பித்த சில வாரத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தால், ஷாம்பூவைக் குறை சொல்லாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

பிரஷர் மாத்திரை இருமல், கொழுப்பு மாத்திரை தசைவலி?

எனலாப்ரில், ராமிப்ரில் வறட்டு இருமல் கொடுத்தால் மாத்திரையை மாற்றி எழுதுவார்கள், இருமல் சில வாரத்தில் போய்விடும். சிம்வாஸ்டேட்டின் தசைவலிக்கு ஒரு மரபணு 2008-இல் தெரியவந்தது. டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு ஸ்டேட்டின் தருவார். இரண்டுக்கும் டெஸ்ட் எடுக்கப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

எச்சில் அனுப்பினால் எல்லா மருந்துக்கும் ரிப்போர்ட் தருகிறார்களே, எடுக்கலாமா?

நல்ல உடம்போடு இருக்கிறவர் ஆயிரக்கணக்கில் கொடுத்து எடுக்க அவசரம் இல்லை. ஒரு குறிப்பிட்ட மருந்து தொடங்கும்போது, டாக்டர் கேட்டு எடுக்கும் ஒரு குறிப்பிட்ட டெஸ்டுக்குத்தான் பொருள் அதிகம். அந்த ரிப்போர்ட்டுகளில் வரும் அட்டவணைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடம் எடுத்த கணக்கிலிருந்து வந்தவை. ஜீனோம் இந்தியா திட்டத்தில் நம் நாட்டில் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்து முடித்திருக்கிறார்கள், இனிமேல் நம் கணக்கு தெளிவாகும். எடுத்துவிட்டீர்கள் என்றால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சுகர் டெஸ்ட் போல மாதாமாதம் மாறாது, ஆயுசுக்கும் அதுதான். ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே மாத்திரையை நிறுத்தவோ கூட்டவோ கூடாது.

சரி, டெஸ்ட் எடுக்க வசதியில்லாத நாங்கள் என்ன செய்வது?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். குடும்பத்தில் யாருக்கு எந்த மருந்து சேரவில்லை என்பதை எழுதி வையுங்கள். இதைச் செய்யாததால்தான் மருந்துக்கடையில் தினமும் நான் தடுமாறுகிறேன். "அந்த வெள்ளை மாத்திரை எனக்கு ஆகாது" என்பார்கள். கடையில் பாதி மாத்திரை வெள்ளைதான்.

இதில் எங்கள் தொழிலின் தவறும் இருக்கிறது. பத்து மாத்திரை அட்டையில் நாலு கேட்டால் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறோம். மருந்தின் பெயர் கடையில் மிஞ்சும் துண்டோடு போய்விடுகிறது. வாங்கிப் போகிறவர் கையில் நாலு குமிழும் வெறும் வெள்ளித்தாளும்தான் இருக்கும். மதினிக்கு நடந்த பிறகு நான் வெட்டும் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் மருந்தின் பெயரை மார்க்கரில் எழுதிக் கொடுக்கிறேன். எந்தக் கடையிலும் இதைக் கேட்டு வாங்குங்கள், அல்லது வெட்டும் முன் முழு அட்டையை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயர்தான் முக்கியம். ஒரே கார்பமசெபின் பல கம்பெனிப் பெயர்களில் வருகிறது. எத்தனையாம் நாள் ஆரம்பித்தது, என்ன ஆனது, கூட வேறென்ன சாப்பிட்டார், இவ்வளவும் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

பக்கவிளைவை எங்கேயாவது புகார் செய்ய முடியுமா?

முடியும். மருந்துகளின் பக்கவிளைவைப் பதிவு செய்ய 2010 முதல் தேசியத் திட்டம் ஒன்று இயங்குகிறது. வேலை நாட்களில் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே சொல்லலாம். யாரையும் தண்டிப்பதற்கான புகார் இல்லை அது. நம் மக்களுக்கு எந்த மருந்து சேரவில்லை என்ற கணக்கு அங்கேதான் சேருகிறது.

உங்கள் மதினி இப்போது எப்படி இருக்கிறார்?

நன்றாக இருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் 'கார்பமசெபின் கொடுக்கக் கூடாது' என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை லேமினேட் செய்து ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தோம். இரண்டு வருடம் கழித்து உசிலம்பட்டியில் அவர் தம்பிக்கு வலிப்பு வந்தது. எழுதப்பட்ட மாத்திரையின் பெயரைத் தம்பியின் மகள் போனில் எழுத்துக் கூட்டி வாசித்தாள். மதினி எழுந்து போய் அந்தச் சீட்டை எடுத்து, கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். "இது வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லு தாயி, அத்தைக்கு ஆகலைன்னு சொல்லு" என்றார். டாக்டர் காது கொடுத்துக் கேட்டு, லெவெடிராசெட்டாம் என்று மாற்றி எழுதிவிட்டார்.